அந்தரத்தில் நின்ற எலிகள்

இராசமலர் இருபது வருடம் அரசாங்கத்துக்கு எலி வளர்த்தவர். கலியாண வீடுகளில் புதிதாக அறிமுகமாகிறவர்களிடமும் இதை அவர் நேராகவே சொல்வார். எலியைப் பிடிக்க ஆள் வைப்பார்கள், வளர்க்கவும் வைப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. "வைப்பினம். பென்சனும் குடுப்பினம்," என்பார். மேற்கொண்டு கேட்டால் விளக்குவார். கேட்காவிட்டால் பேச்சு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்புவதில் அவருக்குக் குறை இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில், வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன நீளமான களஞ்சியக் கட்டடம் ஒன்றில் 1961இல் சிறிய ஆய்வுகூடம் ஒன்று திறந்தார்கள். மூதூர், நிலாவெளி, கிண்ணியாப் பக்கம் பிடிபடும் மீனில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. மீனை அரைத்து வடித்த சாற்றை வெள்ளெலிக்கு ஊசியால் ஏற்றிவிட்டு, எலி என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். அந்த எலிகளுக்குத் தீனி போட, பெட்டி கழுவ, மரத்தூள் மாற்ற ஒருவர் தேவைப்பட்டார். முதலில் வந்த இரண்டு ஆண்களும் ஒரு மாதம் தாண்டவில்லை. ஒருவருக்கு மணம் ஒத்துவரவில்லை. மற்றவரை ஊரில் "எலியப்பா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவர் இராசமலர். அப்போது முப்பத்தைந்து வயது. எட்டாம் வகுப்புவரை படித்தவர், அச்சுப்போன்ற கையெழுத்து. கணவர் குலசிங்கம் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. கப்பல் வருமா வராதா என்று தெரியாத நாட்களில் அவர் வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குள் நடந்து நடந்தே செருப்பைத் தேய்ப்பார். வீட்டில் ஒருவருக்காவது நாள் தவறாத வேலை வேண்டும் என்று இராசமலர் தீர்மானித்தார். எலியென்றால் எலி.

வாலின் அடியில் பிடித்துத் தூக்க அவர் இரண்டு நாளில் பழகினார். எந்த எலி குட்டி போடப்போகிறது, எந்த எலி பக்கத்து எலியின் காதைக் கடிக்கப்போகிறது என்பதை முதல்நாளே சொல்லத் தொடங்கினார். ஆய்வுகூடத்து ஜீப் சாரதி ஸுஹைர் கிண்ணியாக்காரர், வாய் சும்மா இராதவர். "மலரக்கா, உங்கட பிள்ளையளுக்கு இண்டைக்கு என்ன சாப்பாடு?" என்று தினமும் யன்னலால் கேட்பார்.

"பாணும் பயறும். நீ வந்தா உனக்கும் ஒரு பெட்டி கிடக்கு. ஆனா அதுக்குள்ள கதைக்க ஏலாது."

இப்படி ஐந்து வருடம் போனது. அவர் இன்னும் தற்காலிக ஊழியர்தான். 1966ஆம் ஆண்டு நிரந்தரமாக்கும் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. அந்த வருடம்தான் ஆய்வுகூடத்தில் ஒரு சிக்கல் பெரிதானது. ஒரே மீனின் சாற்றைத் திங்கட்கிழமை ஏற்றினால் எலி விறாந்தை முழுக்கக் கேட்கும்படி பெட்டியை விறாண்டும். வியாழக்கிழமை ஏற்றினால் சுருண்டு படுக்கும். இது மீனின் நஞ்சா, எலியின் குணமா என்று பொறுப்பதிகாரி சிவகுருநாதனுக்குப் பிடிபடவில்லை. கொழும்புக்கு எழுதினார். கொழும்பு, சென்னையிலிருந்து ஒரு நிபுணரை மூன்று மாதத்துக்கு வரவழைத்தது.

நிபுணர் கலாநிதிப் பட்டம் பெற்றவர், பெயர் சேஷாத்திரி. ஒல்லியான, மரியாதையான மனிதர். சைவச் சாப்பாடு மட்டும். பகல் பன்னிரண்டுக்கு ஸுஹைர் ரவுணுக்குப் போய்ச் சைவக் கடையில் அவருக்காகச் சாப்பாட்டுக் கரியர் எடுத்து வருவார். சேஷாத்திரிக்கு ஒரு சந்தேகம் இருந்தது: எலி இருக்கும் இடத்தின் அளவும் அதற்குச் சாப்பாடு கிடைக்கும் நேரமும்தான் அதன் போக்கை மாற்றுகின்றன. அதைப் பார்க்கப் பன்னிரண்டு பெட்டிகள் ஏற்பாடாயின. ஆறு, பிஸ்கட் தகரங்கள்: முன்பக்கம் கண்ணாடி, மேலே தகர மூடி, மூடியில் மூச்சுக்கு ஆணித் துளைகள். ஆறு, குலசிங்கம் துறைமுகத்தில் கேட்டு வாங்கிக் கொடுத்த பழைய தேயிலைப் பெட்டிகள்: பிஸ்கட் தகரத்தைப்போல ஆறு மடங்கு இடம், மேலே கம்பிவலை. ஒவ்வொன்றிலும் மூன்று எலிகள். இரண்டு வகையிலும் பாதிப் பெட்டிகளுக்குக் காலை ஏழரைக்கும் பகல் ஒரு மணிக்கும் தவறாமல் சாப்பாடு. மற்றப் பாதிக்குக் காலையில் சீட்டுக் குலுக்கி, சீட்டில் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரத்தில்.

இராசமலர் அரை மணிக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் பார்த்து, எலிகள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு போடவேண்டும். தாளைச் சேஷாத்திரி தமிழிலேயே தயாரித்திருந்தார். மூன்று கட்டங்கள்: உறக்கம், தீனி, ஓட்டம்.

"உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு தமிழ்லயே போட்டிருக்கேன்மா. நானே படிச்சுக்கறேன். யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்."

"நல்லது ஐயா," என்றார் இராசமலர்.

இரண்டு நாள் கோடு போட்ட பிறகு அவருக்குத் தாள் போதவில்லை. தேயிலைப் பெட்டி எலி ஓடினால் எங்கேயோ போகிறதற்கு ஓடியது: தண்ணீருக்கு, மற்ற எலியிடம், மரத்தூள் குவியலுக்கு. தகரப்பெட்டி எலி ஓடினால் மூலைக்குப் போய், திரும்பி, அதே மூலைக்கு வந்து, எழுந்து நின்று, விழுந்து, கண்ணாடியை முகர்ந்து, மறுபடி அதே மூலைக்குப் போனது. இது உறக்கம் இல்லை, தீனி இல்லை. ஓட்டம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. இப்படி நிலைகொள்ளாமல் பதறுவதற்கு ஊரில் ஒரு சொல் இருந்தது. இராசமலர் அடிமட்டம் வைத்து நாலாவது கட்டம் ஒன்று கீறி, அதன் தலையில் "அந்தரம்" என்று எழுதினார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. தேவையான கட்டத்தைக் கீறினால் அதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

சேஷாத்திரி முதல் மாதத் தாள்களைக் கையில் எடுத்தபோது நாலாவது கட்டத்தைக் கண்டார். அந்தரம் என்றால் அவருடைய ஊரில் ஆகாயம். கீழே பிடிமானம் இல்லாமல் மேலே தொங்கும் இடம். தகரப்பெட்டி எலிகள் ஒரு நாளில் முப்பது, நாற்பது தடவை அந்தரத்தில் இருந்ததாகக் கோடுகள் கிடந்தன. தேயிலைப் பெட்டி எலிகளுக்கு ஒன்று, இரண்டு. அவர் எழுந்துபோய்ப் பெட்டிகளைப் பார்த்தார். பிடித்துத் தொங்கக் கம்பிவலை இருப்பது தேயிலைப் பெட்டியில். தகரப்பெட்டியின் மூடி வழவழத்த தகரம். அதில் எலி தொங்குவதென்றால் பசை வேண்டும். அப்படியும் ஆளைச் சந்தேகிக்க விரும்பாமல் மூன்று காலை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை, கதிரை போட்டிருந்து பார்த்தார். ஒரு எலியும் தரையைவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர் தாளை நீட்டினார். "இந்த நாலாவது கட்டம் யார் போட்டது?"

"நான்தான் ஐயா."

"இந்த டப்பாவுல நேத்து முப்பத்தெட்டு தடவை எலி அந்தரத்துல இருந்ததா எழுதியிருக்கீங்க."

"ஓம். நேற்றுக் குறைவு. முந்தநாள் நாப்பத்திமூண்டு."

"மூணு நாளா நானும் பாக்கறேன். ஒரு தடவைகூட இல்லையே."

இராசமலர் பெட்டியைச் சுட்டிக் காட்டினார். உள்ளே மூன்று எலிகளும் மூலைக்கு மூலை அலைந்தன. "ஏன், இப்பவும் அந்தரத்தில நிக்குதே. பாருங்கோ."

சேஷாத்திரி குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப்போட்டு மறுபடி பார்த்தார். "கீழதானே நிக்கறது?"

"கீழதான் ஐயா. கீழ நிண்டுகொண்டுதான் அந்தரத்தில நிக்குது. எலி வேற எங்க போய் நிக்கும்?"

தன்னைப் பகிடி பண்ணுகிறார் என்று சேஷாத்திரி நினைத்தார். கண்ணெதிரே இருப்பதை இந்த மனிதர் ஏன் இல்லையென்கிறார் என்று இராசமலர் நினைத்தார். இருவரும் மரியாதையானவர்கள், சத்தம் போடாமல் பிரிந்தார்கள். அதனாலேயே விஷயம் கெட்டது. சத்தம் போட்டிருந்தால் அப்போதே விளங்கியிருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை சிவகுருநாதன் எலி அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். கதவுக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"இராசமலர், நிபுணர் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நீங்கள் காணாததைக் கண்டதெண்டு தாளில எழுதினதாம்."

"ஆர் சொன்னது? நான் கண்டதைத்தான் எழுதினனான்."

"எனக்குத் தெரியும். ஆனா அவர் படிச்ச மனுசன், எழுத்தில போட்டிட்டார். வேற ஆளைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பட்டியல் விஷயம்..." அவர் முடிக்கவில்லை. "அவரோட ஒருக்கால் தன்மையாக் கதைச்சுப் பாருங்கோ."

பின்னேரம் வீட்டுக்குப் போய் இராசமலர் மீன் வெட்டிக்கொண்டே இதைச் சொன்னார். குலசிங்கம் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆர் அந்த ஆள்? நான் போய்க் கேக்கிறன்."

"நீங்கள் போய் என்னத்தைக் கேப்பீங்கள்? எலி என்ன செய்ததெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"வேலை போனாப் போகட்டும் மலர். கப்பல் வரத்தானே போகுது."

"வேலை போறது வேற கதை. பொய் எழுதினவள் எண்டு கடதாசியில கிடக்கும். நான் செத்தாலும் அது கொழும்பில ஒரு அலுமாரிக்குள்ள கிடக்கும்." அவர் மீனைச் சட்டியில் போட்டார். "அவர் பாத்தது ஒன்பதில இருந்து பன்னிரண்டு மட்டும். பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போயிடுவார். ஒரு மணிக்குச் சாப்பாடு போடுற பெட்டியில பன்னிரண்டரைக்கு இருந்து பாத்தாத்தானே கூத்துத் தெரியும். நாளைக்கு இருத்திப் பாக்கப் பண்ணுறன்."

மறுநாள் பதினொன்றரைக்கு அவர் சேஷாத்திரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நீங்கள் எழுதின கடிதத்தைப் பற்றி அறிஞ்சனான். எழுதினது எழுதினதுதான். இண்டைக்கு ஒரு மணி வரைக்கும் என்னோட எலி அறையில இருங்கோ. நீங்களும் தாள் பிடியுங்கோ, நானும் பிடிக்கிறன். ரெண்டையும் வைச்சுப் பாப்பம்."

"பன்னிரண்டுக்குச் சாப்பாடு வந்துடுமே."

"சாப்பாடு அங்கயே வரும். ஸுஹைரிட்டச் சொல்லியிருக்கிறன்."

சேஷாத்திரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். எலி அறை பத்தடிக்கு எட்டடி. ஒரே யன்னல். சேஷாத்திரி கதிரையில் உட்கார்ந்தார். இராசமலர் மரத்தூள் சாக்கில். பன்னிரண்டுக்கு இருவரும் கோடு போட்டார்கள். ஸுஹைர் வரவில்லை. பன்னிரண்டரைக்குக் கோடு போட்டார்கள். ஒரு மணிச் சாப்பாட்டுத் தகரங்களில் எலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலைகளைச் சுற்றின. சேஷாத்திரி மூடியைப் பார்த்தார்; மூடியின் கீழ் வெறும் காற்று. இராசமலரின் தாளில் நாலாவது கட்டம் கோடுகளால் நிறைந்தது. சேஷாத்திரியின் தாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"வருவான்தானே?" என்றார் சேஷாத்திரி. எலியைப் பற்றி அல்ல.

"வருவான் ஐயா. எப்ப எண்டுதான் சொல்ல ஏலாது."

சேஷாத்திரி எழுந்தார். யன்னலடிக்குப் போய் ஜீப் வருகிறதா என்று பார்த்தார். கதவடிக்கு வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்ப யன்னலடிக்குப் போனார். எட்டடி அறையில் நாலு எட்டுத்தான் வைக்கலாம். அந்த நாலு எட்டையும் அவர் பதினைந்து தடவைக்குக் குறையாமல் வைத்தார். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸுஹைர் கரியரோடு உள்ளே வந்தார், கையெல்லாம் கிறீஸ்.

"ரயர் காத்துப் போயிட்டுது ஐயா. அதுக்கு ஏன் இப்பிடி அந்தரப்படுறீங்கள்? சோறு சூடாத்தான் கிடக்கு."

சேஷாத்திரி நின்றார். "நான் என்ன படறேன்?"

"அந்தரப்படுறீங்கள். யன்னலுக்கும் கதவுக்கும் அந்தரத்தில ஓடுறீங்களே."

"நான் தரையிலதானேப்பா நிக்கறேன்?"

"தரையிலதான் நிக்கிறீங்கள். ஆர் இல்லையெண்டது?"

இராசமலர் சாக்கிலிருந்து மெல்ல எழுந்தார். "ஐயா, உங்கட ஊரில அந்தரம் எண்டா என்ன?"

சேஷாத்திரி ஒரு விரலை மேலே காட்டினார். மூவரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு இராசமலர் தகர மூடியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சாக்கில் மறுபடி உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துச் சிரித்தார். "எலி பறந்ததெண்டோ நினைச்சனீங்கள்? நாளுக்கு நாப்பது தரம்?"

"அல்லாஹ்வே, பறக்கிற எலிக்கோ நான் இவ்வளவு நாளும் பாண் வாங்கிக்கொண்டு வந்தனான்?" என்றார் ஸுஹைர்.

சேஷாத்திரியும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு அலுவலக அறைக்கு ஓடி, ஒரு மாதத் தாள்களையும் அள்ளிக்கொண்டு வந்து கதிரையில் பரப்பினார். அவர் கண்ணில் பட்டது இதுதான்: ஓட்டம் என்ற கட்டத்தில் தகரப்பெட்டி எலிக்கும் தேயிலைப் பெட்டி எலிக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. அவருடைய மூன்று கட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இடத்தின் அளவால் ஒரு வித்தியாசமும் இல்லை என்றே எழுதவேண்டி வந்திருக்கும். வித்தியாசம் முழுவதும் நாலாவது கட்டத்தில் இருந்தது. நேரம் தவறாத தகரங்களில் சாப்பாட்டுக்கு முந்திய அரை மணியில் மட்டும் கோடுகள் குவிந்திருந்தன. சீட்டுக் குலுக்கிய தகரங்களில் நாள் முழுக்க. தேயிலைப் பெட்டிகளில் சீட்டுக் குலுக்கினாலும் கொஞ்சம்தான்.

"இந்தத் திங்கட்கிழமைச் சிக்கல்," என்றார் அவர், கரியரை மறந்து. "சனி ஞாயிறு யார் தீனி போடறது?"

"காவலாளி பக்கீர். நினைச்ச நேரத்தில போடுவார். சில நாள் பொழுதுபட்டாப் பிறகும் போடுவார்."

"அதான்! திங்கட்கிழமை ஊசி போடற எலி எல்லாம் ரெண்டு நாள் சீட்டுக் குலுக்கின எலி! மீன்ல ஒண்ணும் இல்லை!" அவர் பென்சிலைத் தேடினார். "இதை முழுசா அட்டவணை போடணும். ஒரு வாரம் ஆகும். அம்மா, நீங்க பிரமாதமான காரியம் பண்ணியிருக்கீங்க."

இராசமலர் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். "ஐயா, அந்தக் கடிதம்?"

"எந்தக் கடிதம்? ஓ... அதை அறிக்கையில விவரமா சொல்லிடறேன். மூணு மாசம் முடியும்போது அறிக்கை போகும்."

"அறிக்கைக்கு எலி பொறுத்திருக்கும். எனக்கு மாத முடிவில பட்டியல். தபால் பை ரெண்டு மணிக்கு ஸுஹைரோட ரயிலுக்குப் போகுது. இப்ப எழுதுங்கோ."

"சாப்பிட்டுட்டு..."

"எழுதிப்போட்டுச் சாப்பிடுங்கோ."

அவருடைய குரல் உயரவில்லை. காதைக் கடிக்கிற எலியை வேறு பெட்டிக்கு மாற்றும்போது பேசுகிற அதே குரல். சேஷாத்திரி தாள் எடுத்து ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்து உறையைத் தேடியபோது இராசமலர் கையை நீட்டி, கடிதத்தை வாங்கி ஸுஹைரிடம் கொடுத்தார். ஸுஹைர் ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவர். கிறீஸ் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மெல்ல வாசித்தார்.

"வெள்ளிக்கிழமைக் கடிதத்தைத் தள்ளிவிடச் சொல்லிக் கிடக்கு அக்கா. ஊழியர் நேர்மையானவர் எண்டும் கிடக்கு." அவர் ஒரு வரியில் நின்றார். "ஆனா இஞ்ச, ஊழியர் ஒரு சொல்லைப் பிழையாப் பாவிச்சதால வந்த குழப்பம் எண்டு கிடக்கு."

இராசமலர் சேஷாத்திரியைப் பார்த்தார். "பிழையாவோ பாவிச்சனான்?"

"அது வந்து... ஒரு வழக்கமா அப்படி எழுதறதுதான்மா. பொதுவா அந்தச் சொல்லுக்கு..."

"எலி அந்தரப்பட்டது. அந்தரம் எண்டு எழுதினனான். மூதூரில கேளுங்கோ, ஈச்சிலம்பற்றில கேளுங்கோ, கிண்ணியாவில இவன்ர உம்மாவிட்டக் கேளுங்கோ. ஒருத்தருக்கும் பிழை தெரியாது. நீங்கள் என்னைக் கேட்டிருந்தா நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

சேஷாத்திரி ஸுஹைரின் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை; அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். எழுதியதை இந்த முறை அவரே தமிழில் சொன்னார்: "ஊழியர் இந்த ஊரில் வழங்கும் சொல்லைச் சரியாகவே பயன்படுத்தினார். நான் அவரிடம் கேட்காமல் தவறாகப் புரிந்துகொண்டேன். அவருடைய நாலாவது கட்டம் இல்லாமல் இந்த ஆய்வு நடக்காது." சொல்லி முடித்து, "போதுமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"போதும் ஐயா. இனிச் சாப்பிடுங்கோ. சோறு ஆறுது."

ஸுஹைர் உறையை ஒட்டித் தபால் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டிவிட்டு முடிச்சை இராசமலருக்குக் காட்டினார். அதன் பிறகுதான் இராசமலர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று பன்னிரண்டு. அவர் பயறு இருந்த தகரப் பேணியை எடுத்து ஒரு மணிப் பெட்டிகளுக்கு வரிசையாகத் தீனி போட்டார். தகரங்களில் எலிகள் கண்ணாடியோடு முட்டின. ஆறு பெட்டியும் முடிந்ததும் தாளை எடுத்து, நாலாவது கட்டத்தில் உரிய கோடுகளைப் போட்டார். பிறகு கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், அச்சுப்போன்ற எழுத்தில் எழுதினார்:

"இன்று சாப்பாடு பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. காரணம்: கடிதம்."